பச்சை நூல் கட்டிய ஜீப்பில் காந்தலூருக்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். எந்த இடத்தில் எந்த ரகரம் வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். நாலாம் வகுப்பு முடிந்த கையோடு என்னைக் கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். படிக்கிறவர்கள் பிழையைத் தள்ளி விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மீனாட்சிபுரத்தில் மாட்டுத்தீவனக் கடை. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு. சுற்றுவட்டத் தோட்டங்களுக்கு மூட்டை கொண்டுபோய்ப் போட 1953இல் ஒரு ஜீப்பு வாங்கினேன். எங்கள் பக்கத்தில் பலரும் பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்து ஓட்டினார்கள். நான் புதியதாக வாங்கினேன். புதியதென்றால் தொந்தரவு இருக்காது என்று நினைத்தேன்.

விற்ற இடத்தில் ஓர் இளைஞர் வண்டியைச் சுற்றி வந்து அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். பாதி இங்கிலீஷ். பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் இருந்தன. அவற்றை முன்னும் பின்னும் தள்ளிக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லக் கூச்சம். தலையை ஆட்டினேன். என் டிரைவர் ஆறுச்சாமியும் ஆட்டினார். அவர் இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். பஸ்ஸில் அந்தக் கம்பிகள் கிடையாது. வெளியே வந்ததும், “அது பட்டாளத்துக்காரங்களுக்குங்க ராவுத்தரே, நம்முளுக்கு எதுக்குங்க” என்றார்.

வீட்டுக்குப் போகும் முன் வண்டியை தர்காவுக்குக் கொண்டுபோனோம். ஓதி ஊதிய பச்சை நூல் ஒன்று கொடுத்தார்கள். கைபடாத இடமாகப் பார்த்துக் கட்டும்படி அங்கிருந்த பெரியவர் சொன்னார். ஸ்டியரிங்கில் கட்டினால் கைபடும். பெரிய கியரில் கட்டினாலும் கைபடும். ஆறுச்சாமி குட்டிக் கம்பிகளைக் காட்டினார். இரண்டையும் சேர்த்து ஏழு சுற்று சுற்றி நானே முடிச்சுப் போட்டேன். இந்தக் கதை முழுக்க அந்த முடிச்சுதான்.

ஜீப்பு என்னைப் படுத்திய பாட்டை எழுதினால் நோட்டு போதாது. மேடு இறங்கும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்று வெளியே வந்துவிடும். ஆறுச்சாமி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே இறக்குவார். வேகம் கூடினால் முன்சக்கரம் இரண்டும் காய்ச்சல்காரன் போல நடுங்கும். மழை பெய்தால் கித்தான் கூரை சரியாக என் கழுத்தில் ஒழுகும். எல்லாவற்றையும் விட மோசம் எங்கள் பக்கத்துக் கரிசல் மண். மழைக்காலத்தில் நாலு அடி உள்ளே போனால் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே புதைந்துவிடும். யாராவது மாடு கட்டி இழுக்க வேண்டும்.

“ஏனுங்க ராவுத்தரே, மாட்டுக்குத் தீனி போடறது நீங்க, உங்க வண்டிய இழுக்கறது மாடு. கணக்கு நேராப் போச்சுங்க” என்று ஒரு கவுண்டர் சொல்லப்போக, சந்தை முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. எனக்கு எதிர்ப்பேச்சு வராது. சந்தை நாளில் கடையின் உள்ளறையிலேயே இருந்துகொண்டேன்.

1955 ஐப்பசியில் என் மகள் ஜமீலாவுக்கு ஏழாம் மாதம். அவளைக் காந்தலூரில் கொடுத்திருந்தோம். மருமகன் இஸ்மாயிலுக்கு அங்கே மளிகைக்கடை. தலைப்பிரசவம் பெற்றவர்கள் வீட்டில்தான் என்பது எங்களில் வழக்கம். அழைத்துவரப் போக வேண்டும். வாசலில் ஜீப்பு நின்றது. அதில் ஏறித்தான் போக வேண்டும்.

முதல் நாள் காலையில் புறப்பட்டோம். எங்கள் ஊர் அப்போது திருக்கொச்சி ராஜ்யம். மூன்று நிமிஷம் ஓடினால் சென்னை ராஜ்யம். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை எல்லாம் சென்னை. சின்னாறு தாண்டினால் மறுபடியும் திருக்கொச்சி. சொந்த ராஜ்யத்துக்குள் இருக்கிற மகளைப் பார்க்க வேறு ராஜ்யத்தின் வழியாகப் போக வேண்டும். இரண்டு இடத்திலும் போலீஸ்காரர் சாக்கைக் குத்திப் பார்த்தார். சாக்கில் இருந்தது என் மனைவி மகளுக்குக் கொடுத்தனுப்பிய முறுக்கும் எள்ளுருண்டையும்.

பொள்ளாச்சி தாண்டியதும் முன்சக்கர நடுக்கம் ஆரம்பித்தது. உடுமலைப்பேட்டை போவதற்குள் ஒரு சக்கரம் காற்றுப்போனது. அதைச் சரி செய்யவே பொழுது சாய்ந்தது. மலைச்சாலையில் பிற்பகலுக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் அங்கேயே தங்கினோம். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாக இருந்தது. ஆனால் அடுத்த பலகையில் இரண்டு பேர் பேசியது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

“யானை வண்டியத்தான் முட்டுமாமா?”

“நிக்கற வண்டியத்தான் முட்டும். ஓடற வண்டிய எதுக்கு முட்டுது.”

எங்கள் வண்டி ஓடுகிற வண்டியா, நிற்கிற வண்டியா என்று நான் யோசித்தேன். பாதிச் சோற்றோடு கை கழுவினேன்.

இரண்டாம் நாள் சின்னாறு சாவடியில் காட்டிலாகா ஆள் ஒருவர் மலையாளத்தில் சொன்னார்: “மேலே ஒரு ஒற்றையானை இரண்டு நாளாக ரோட்டில்தான் நிற்கிறது. ஹாரன் அடிக்காதே, நிறுத்தாதே, போய்க்கொண்டே இரு.” நான் தலையாட்டினேன்.

ஒரு மைல் போயிருப்போம். ரோட்டின் நடுவே யானை லத்தி கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில்தான் எங்கள் ராடியேட்டரும் கொதித்தது. வண்டி இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. அங்கே ஒரு ஆவி, இங்கே ஒரு ஆவி. ஆறுச்சாமி இறங்கித் தண்ணீர் ஊற்றினார். மூங்கில் ஒடிகிற சத்தம் எங்கேயோ கேட்டது. நான் குட்டிக் கம்பிகளில் கட்டியிருந்த நூலைப் பார்த்தபடி, தெரிந்த ஓதலையெல்லாம் ஓதினேன். யானை வரவில்லை. நூல்தான் காப்பாற்றியது என்று அன்றைக்கு நிச்சயமாக நம்பினேன். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு.

மறையூரில் டீ குடிக்க நிறுத்தினோம். கடையில் சுடலைமுத்து என்று ஒருவர், பள்ளிவாசல் என்கிற ஊருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் டிரைவர், திருநெல்வேலிப் பேச்சு. காந்தலூரில் இருக்கிற தங்கை வீட்டுக்குச் சாயந்திரம் நடந்து போக இருந்தவர். எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“எங்க அண்ணாச்சி, காந்தலூருக்கா? சேறு முழங்காலுக்கு நிக்கி. முன்சக்கரத்தையும் பிடிக்க வச்சு ஏறுங்க. பூனை மாதிரி ஏறிரும்.”

முன்சக்கரத்தைப் பிடிக்க வைப்பது என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். சுற்றிலும் பத்துப் பேர் இருந்தார்கள். மறுபடியும் தலையாட்டினேன். வண்டியில் ஏறியதும் ஆறுச்சாமி, “முன்சக்கரம் எப்படிங்க பிடிக்கும்? அது திரும்பறதுக்கு இருக்கறதுங்க. எஸ்டேட்டுக்காரங்க இப்படித்தான், பெருமை பேசுவாங்க” என்றார்.

காந்தலூர்ப் பாதையில் நாலு இடத்தில் சறுக்கினோம். கடைசி ஏற்றத்தில் பின்சக்கரம் சுற்றியது, வண்டி அசையவில்லை. வயலிலிருந்து திரும்பிய எட்டுப் பேர் பாவம் பார்த்துத் தள்ளினார்கள். சக்கரம் வாரி அடித்த சேறு எட்டுப் பேர் முகத்திலும் அப்பியது. ஊருக்குள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன், சம்பந்தி வீட்டுக்கு முதல்முறையாகச் சொந்த வண்டியில்.

மூன்றாம் நாள் முழுக்க மழை. மருமகன் குளிர்காய்ச்சலில் கிடந்தார், கூட வர முடியாது. கேப்பைக் களியும் பூண்டுக் குழம்பும் கொடுத்தார்கள். அந்தக் குளிருக்கு அதைப் போல ஒன்று கிடையாது. எங்கள் ஊரில் பூண்டு மருந்துக்குத்தான், இங்கே கை நிறைய உரித்துப் போடுகிறார்கள்.

சாயந்திரம் மருத்துவச்சி வந்து ஜமீலாவின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பிள்ளை இறங்கி நிக்குதுய்யா. குலுங்கப்படாது. குலுங்குச்சுன்னா வழியிலேயே ஆயிரும். ஏழு மாசப் பிள்ளைய இந்தக் குளிர்ல வச்சு என்ன செய்வீக?”

“அப்போ இங்கேயே இருக்கட்டுமா?” என்றேன்.

“இங்க ஏதாச்சும் ஒண்ணுன்னா ஆசுபத்திரி எங்கய்யா இருக்கு? கொண்டு போங்க. மெதுவாக் கொண்டு போங்க.”

சம்பந்தியம்மா டோலி வைக்கலாம் என்றார். நாற்காலியில் மூங்கில் கட்டி நாலு ஆள் சுமந்து மறையூர் வரை இறக்குவது. ஆனால் போன வாரம்தான் சேற்றில் ஒரு டோலி ஆளோடு சரிந்திருக்கிறது. என்னைத்தான் பார்த்தார்கள், நான் ஆண்பிள்ளை, பெண்ணைப் பெற்ற அத்தா, முடிவு சொல்ல வேண்டும். நான் காய்ச்சலில் கிடந்த மருமகனைப் பார்த்தேன்.

ஜமீலா போர்வைக்குள்ளிருந்து சிரித்தாள். “டோலின்னா நாலு பேரு தூக்கணும், அத்தாவோட ஜீப்புன்னா எட்டு பேரு தள்ளணும். தள்ளறதுதான் சுலபம். ஜீப்புலயே போலாங்கத்தா.”

நாலாம் நாள் மழை விட்டிருந்தது. இருக்கையில் மூன்று சாக்கு, அதன் மேல் இரண்டு தலையணை. ஜமீலாவை முன்னால் உட்கார வைத்தோம். நான் பின்னால் உட்கார்ந்து அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆறுச்சாமி அன்று பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

முதல் இறக்கம் சரியாகப் போனது. இரண்டாவது இறக்கத்தில் பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவியது. நழுவிய அதிர்வில் கியர் கழன்றது. ஆறுச்சாமி கை ஸ்டியரிங்கில் இருந்தது, பிடிக்க முடியவில்லை. பிரேக்கை மிதித்தார். சேற்றுத் தண்ணீரில் ஊறிய பிரேக்கு. வண்டி வேகம் பிடித்தது. இடது பக்கம் பள்ளம், கீழே வெகு ஆழத்தில் நெல்வயல் தட்டுத் தட்டாகத் தெரிந்தது. ஜமீலா கத்தவில்லை. “அத்தா” என்று மட்டும் சொன்னாள், மெதுவாக, தண்ணீர் கேட்கிற மாதிரி.

ஆறுச்சாமி வலது பக்க மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து உரசி நிறுத்தினார். அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. நான் இறங்கி இரண்டு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். ஜமீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

“வலிக்குதா?”

“ஒரு பிடி பிடிச்சுதுங்கத்தா. விட்டுருச்சு.”

மேலே ஏற முடியாது. கீழே இறங்க இன்னும் பாதி மலை இருந்தது. அதைவிட மோசமான இறக்கம் முன்னால் தெரிந்தது. ஆறுச்சாமி என் முகத்தைப் பார்க்காமல், “என்னால ஆகாதுங்க ராவுத்தரே” என்றார். இருபது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர்.

அப்போது மேலேயிருந்து குடையோடு சுடலைமுத்து நடந்து வந்தார், பஸ் பிடிக்கப் போகிறவர். விஷயத்தைக் கேட்டார். வண்டிக்குள் தலையை நீட்டினார். ஆறுச்சாமியைப் பார்த்தார்.

“என்னவே டிரைவரே, இது என்ன, குதிரைக்குக் காலைக் கட்டிப் போட்ட மாதிரி? இந்த ரெண்டு கம்பியும்தாம்வே இந்த வண்டி. மத்தது எல்லாம் தகரம்.”

ஆறுச்சாமி தரையைப் பார்த்தார். எனக்கு அங்கேதான், அந்தச் சேற்றில் நின்று, முதல் தடவையாக வாய் திறந்தது. “எனக்குத் தெரியாதுங்க. அது எதுக்குன்னு சொல்லுங்க.”

அவர் கேலியை விட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். ஒரு கம்பியைத் தள்ளினால் இயந்திரத்தின் பலம் முன்சக்கரத்துக்கும் போகும். இன்னொன்றைத் தள்ளினால் வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறையும், ஆனால் இழுவை கூடும். இறக்கத்தில் பிரேக்கையே தொட வேண்டாம், இயந்திரமே நாலு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு இறங்கும். “பின்சக்கரம் மட்டும் பிடிச்சா வழுக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. ரெண்டு வருசமா நீங்க பாதி வண்டியைத்தான் ஓட்டியிருக்கீக.”

பிறகு சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். “அறுத்துரட்டுமா?”

வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். நேற்று முன்தினம் யானைக்காட்டில் எங்களைக் காத்த நூல். இப்போதும் பள்ளத்தில் விழாமல் மண்மேட்டில் நிறுத்தியது அதுதான் என்று மனம் சொல்லியது. என் பிள்ளை உட்கார்ந்திருக்கிற வண்டியில் அதன்மேல் கத்தி வைப்பதா? வைத்த பிறகு ஏதாவது ஆனால், அது என் கையால் ஆனது. வைக்காமல் போனால் அடுத்த வளைவு. இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்றேன். மலையடிவாரத்தில் மறுபடி மழை கறுத்தது.

“அத்தா,” என்றாள் ஜமீலா. “அது யாருக்காகக் கட்டினது, கம்பிக்கா, நமக்கா?”

“நமக்குத்தான்.”

“அப்போ அவுத்து எங்கிட்டக் குடுங்க. நான் வச்சுக்கறேன்.”

நான் பிஸ்மி சொல்லி வண்டிக்குள் மண்டியிட்டேன். விரலுக்கு முடிச்சு அசையவில்லை. எண்ணெயும் புழுதியும் ஏறிக் கல்லாகியிருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன் அவ்வளவு இறுக்கிப் போட்டது நான்தான். நகம் பிய்ந்தது. கடைசியில் குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். எண்ணெயும் உப்புமாக வாய் கசந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமே வரவில்லை. முடிச்சு விட்டது. ஏழு சுற்றையும் எண்ணி அவிழ்த்து ஜமீலா கையில் கொடுத்தேன். அவள் அதை இடது மேல்கையில் சுற்றிக்கொண்டாள்.

கம்பிகள் நகரவில்லை. துருவேறிக் கிடந்தன. சுடலைமுத்து செருப்புக் காலால் எட்டி உதைத்தார். ஒன்று போனது. மற்றொன்றின் பல் போய்ப் பதிய வண்டி ஒரு சாண் உருள வேண்டும் என்றார். அதற்கு அண்டை கொடுத்த கல்லை எடுக்க வேண்டும். ஜமீலாவை இறக்கி, மேட்டோரம் சாக்கு விரித்து உட்கார வைத்தேன். ஸ்டியரிங்கில் சுடலைமுத்து உட்கார்ந்தார். கல்லை எடுத்தது நான். வண்டி உருண்டது, ஒரு சாண், இரண்டு சாண். உள்ளே கடக் என்று ஒரு சத்தம். வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி நின்றது.

அதன் பிறகு மறையூர் வரை சுடலைமுத்துவே ஓட்டினார். ஆறுச்சாமி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து அவர் காலையும் கையையும் பார்த்துக்கொண்டே வந்தார். இயந்திரம் உறுமியது, வண்டியோ மாமியார் வீட்டுக்குப் போகிற மணமகள் போல அடி மேல் அடி வைத்து இறங்கியது. ஒரு கிழவர் மாட்டோடு எங்களை முந்திப் போனார். “ராவுத்தர் வண்டிக்கு மாடுதான் எப்பவும் முன்னால போகுமுங்க” என்றார் ஆறுச்சாமி. அவருக்குப் பேச்சு திரும்பியதில்தான் எனக்கு உயிர் வந்தது. ஜமீலா சிரித்தாள், சிரித்ததும் வயிற்றைப் பிடித்தாள், நான் மறுபடி பயந்தேன்.

மறையூரில் சுடலைமுத்துவுக்குப் பஸ் போயிருந்தது. எங்களால்தான். எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். “அடுத்த தடவ தெரியலேன்னா கேளுங்க அண்ணாச்சி, கேட்டா வாய் தேஞ்சிரவா போவுது” என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

தை மாதம் எங்கள் வீட்டில் பேரன் பிறந்தான். நிறைமாதக் குழந்தை. நாற்பதாம் நாள் கழிந்ததும் ஜீப்பு வாங்கிய இடத்துக்குத் தனியாகப் போனேன். அதே இளைஞர் இருந்தார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள், தமிழில் சொல்லுங்கள் என்றேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக் காட்டினார். கியர் கழல்வதற்கு ஒரு சின்ன ஸ்பிரிங்குதான் காரணம், அதையும் மாற்றிக் கொடுத்தார். இப்போது கரிசலில் எங்களுக்கு மாடு வேண்டாம். சந்தையில் அந்தப் பேச்சும் ஓய்ந்துவிட்டது. பயம் மட்டும் ஓயவில்லை. தெரியாதபோது வண்டியைப் பார்த்துப் பயந்தேன். தெரிந்த பிறகு, அந்த ரெண்டு வருஷம் எங்கெங்கே என்னென்ன ஆகியிருக்கலாம் என்று எண்ணிப் பயப்படுகிறேன்.

இதை எழுத ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன், வெட்கத்தால். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வெட்கம் போனதல்ல. ஜமீலாவும் பேரனும் ஒரு மாதம் எங்களோடு இருந்துவிட்டு நேற்றுக் காலை காந்தலூருக்குக் கிளம்பினார்கள். அதே ஜீப்பு, அதே ஆறுச்சாமி. நூல் அவள் கையில்தான் இருந்தது. ஏற்றும்போது பேரன் அந்தக் குட்டிக் கம்பியைப் பிடித்து ஆட்டினான், நான் விலக்கவில்லை. மூன்று நாளாக மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது. இன்று மாலைக்குள் ஆறுச்சாமி திரும்ப வேண்டும். காலையிலிருந்து கடைக்கு வந்தவர்களுக்குத் தவிட்டுக்குப் பதில் பருத்திக்கொட்டை போட்டுக்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்கக் கூடாது என்று இந்த நோட்டை எடுத்தேன்.

தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிறது. இரண்டாவது கியர், கழலாத இரண்டாவது கியர். எங்கள் ஜீப்பின் சத்தம்தான். எழுந்து போய், சுகமாகப் போய்ச் சேர்ந்தார்களா என்று வாய் விட்டுக் கேட்க வேண்டும்.

1957 நவம்பர் 17.